குடியிலிருந்து மீள்வோர் கூட்டங்கள்: யாருக்கு எது பொருந்தும்?

குடிநோயிலிருந்து மீள்வோருக்காகத் தமிழ்நாட்டில் நடக்கும் கூட்டங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் ஏ.ஏ. கூட்டங்கள், சிகிச்சை மையங்களின் தொடர்கவனிப்புக் கூட்டங்கள், குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்கள், இணையவழிக் கூட்டங்கள். சிலருக்கு ஒன்று போதும். பலருக்கு இரண்டு தேவைப்படும்.

கூட்டத்துக்கு முன் மருத்துவர்

பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் ஏற்படலாம். இது உயிருக்கே ஆபத்தான நிலை. எனவே இத்தகையவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416.

ஏ.ஏ. கூட்டம்

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது ஏ.ஏ. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. கட்டணம் இல்லை; கூட்டத்தில் உறுப்பினர்கள் விரும்பிப் போடும் காசில்தான் செலவுகள் நடக்கின்றன. கூட்டத்தை நடத்துவோரும் குடியை விட்டவர்களே. ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம்.

இதில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என இருவகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, மகன், நண்பர் என யாரும் உடன் வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தனியாகப் போகத் தயங்குபவருக்குத் திறந்த கூட்டமும், வீட்டார் முன் பேசக் கூசுபவருக்கு மூடிய கூட்டமும் ஏற்றவை.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரு படிகளில் இறைவன் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அவரவர் புரிந்துகொண்ட இறைவன் என்றே அது சொல்லப்படுகிறது. தேவாலய வளாகத்தில் நடக்கும் கூட்டமும் எந்த மதத்தையும் சார்ந்ததன்று. கடவுள் பேச்சே ஒத்துவராது என்பவர், 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி போன்ற, உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்ட குழுக்களை இணையத்தில் தேடலாம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

சிகிச்சை மையக் கூட்டம்

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற இடங்களில் சிகிச்சை முடிந்த பிறகும் தொடர்கவனிப்பு உண்டு. இத்தகைய கூட்டங்களை ஆலோசகர்கள் வழிநடத்துவார்கள். மாத்திரை சாப்பிடுபவர், மனச்சோர்வும் சேர்ந்திருப்பவர், ஏற்கெனவே விட்டு மீண்டும் குடிக்கத் தொடங்கியவர் ஆகியோருக்கு இவை கூடுதலாகப் பயன்படும். கட்டணம் உண்டா, அங்கே சிகிச்சை பெறாதவர் வரலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அல்-அனான்

குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் வீட்டார் போகலாம். 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் அதற்காகவே ஏற்பட்டது. பாட்டிலை ஒளிப்பது, கடனை அடைப்பது, அலுவலகத்துக்குப் பொய்க் காரணம் சொல்வது போன்றவற்றிலிருந்து குடும்பத்தினர் விடுபட இது உதவுகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்ற தனிப் பிரிவும் உண்டு.

இணையவழிக் கூட்டம்

கூட்டமே இல்லாத சிற்றூரில் இருப்பவர், இரவுப் பணியாளர், வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர், ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழையத் தயங்கும் பெண் ஆகியோருக்கு இது கைகொடுக்கும். இதில் ஒரு குறை: கூட்டம் முடிந்தபின் தேநீருடன் நடக்கும் பேச்சும், அதில் கிடைக்கும் நட்பும் திரையில் எளிதில் அமைவதில்லை.

கண்டுபிடிப்பதும் போவதும்

ஏ.ஏ.வின் இந்தியத் தலைமைச் சேவை அலுவலகம் மும்பையில் உள்ளது. ஊர்வாரியான கூட்ட விவரங்களை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கேட்க வேண்டியவை நான்கு: கூட்டம் தமிழில் நடக்குமா, திறந்ததா மூடியதா, பெண்கள் வருவார்களா, திரும்பி வரப் பேருந்து கிடைக்குமா.

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். முதல் நாள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. முழுப் பெயரும் தொழிலும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குழு பிடிக்காவிட்டால் வேறு குழுவைப் பார்க்கலாம்; ஒவ்வொரு குழுவின் இயல்பும் வேறு. பிடித்துப்போன குழுவில், நீண்ட நாளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரைத் தனி வழிகாட்டியாக ஏற்றுக்கொள்ளலாம். அவரை ஸ்பான்சர் என்பார்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை ஸ்பான்சர் உட்பட அங்கே யாருக்கும் இல்லை.

27 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் எனும் மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஏ.ஏ.வும் அதனுடன் இணைக்கும் சிகிச்சைகளும் குடிக்காமல் நீடிக்கச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல என்று கண்டது. அந்தப் பலன் தொடர்ந்து போவதில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு குழுக்களுக்கிடையே தயங்குபவர், வீட்டுக்கு அருகில், வேலை முடிந்து வரும் நேரத்தில் நடக்கும் குழுவையே தேர்ந்தெடுப்பது நல்லது.