உறைந்த சினைமுட்டையின் உயிர்க்காப்பு

குளிர் பொருள்களைக் கெடாமற் காக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் உயிரணுவொன்றை உறையவைத்து, மீண்டும் உயிரோடு எடுத்தல் எளிதன்று. கிளிஸரால் கலந்தால் சேவலின் விந்தணுக்கள் உறைந்தபின்னும் பிழைக்கும் என்பதைப் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் மூவர் 1949-ம் ஆண்டில் வெளியிட்டனர். பெண்பிராணியின் சினைமுட்டையோ அதற்கு நெடுநாள் இணங்கவில்லை. உறைந்த முட்டைகளினின்று சுண்டெலிக் குட்டிகள் பிறந்த செய்தி 1977-ல்தான் வெளிவந்தது. அரிய கால்நடை இனமொன்று அழியுந் தறுவாயில், தந்தைவழியை மட்டும் காத்துத் தாய்வழியை இழத்தல் பாதி நஷ்டமன்றோ?

இவ்வருமைக்குக் காரணம் யாது? சினைமுட்டை உடலணுக்களுள் மிகப் பெரியது, நீர் மிக்கது. பசுவின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு குறுக்களவுடையது. உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமானால் அணு சிதையும். இதனைத் தவிர்க்க, 1985-ல் ரால், பாஹி என்போர் சுண்டெலிக் கருக்களிற் காட்டிய முறை இன்று முட்டைகளுக்கும் கையாளப்படுகிறது. செறிந்த காப்புத் திரவத்திற் தோய்த்த முட்டையை, -196 டிகிரி சென்டிகிரேடு குளிருள்ள திரவ நைட்ரஜனிற் சட்டென அமிழ்த்துவர். அப்போது நீர் படிகமாகாது, கண்ணாடிபோல் இறுகும்.

பனிக்குத் தப்பிய முட்டைக்கு மற்றொரு பகை உண்டு. அணுவுக்குச் சக்தியளிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் இச்செயல்களால் நிலைகுலைந்து, பிராணவாயுவின் தீவிரக் கூறுகளை மிகுதியாய் வெளிவிடுகின்றன. துரு இரும்பை அரிப்பதுபோல் அவை அணுச்சவ்வின் கொழுப்பையும் மரபுப்பொருளையும் அரிக்கின்றன. அவற்றை அடக்குதற்கு முட்டை தானே சேமித்துள்ள குளூட்டாதையோனும் குறைந்துவிடுகிறது. பன்றியின் முட்டை கொழுப்பு மிக்கது. ஆதலின் நுண்ணோக்கியிற் கருத்துத் தோன்றும். அக்கொழுப்பே அதனைக் குளிருக்கும் அரிப்புக்கும் எளிதில் இரையாக்குகிறது.

இங்கேதான் ஆக்ஸிகரணத் தடைப்பொருள்கள் துணைவருகின்றன. வைட்டமின் ஸி தன் எலெக்ட்ரானை ஈந்து தீவிரக் கூறுகளைத் தணிக்கும். மெலடோனினும் அவற்றை அடக்கவல்லது. ஸிஸ்டீன் குளூட்டாதையோன் மீண்டும் உண்டாவதற்கு மூலப்பொருளாகும். முட்டை முதிரும் ஊட்டநீரிலோ, உறைவிக்கும் திரவத்திலோ, உருகியபின் வளர்க்கும் நீரிலோ இவற்றைச் சிறிதளவு சேர்ப்பர். இவ்வாறு சேர்த்த முட்டைகளிற் பிழைப்பனவும், கருவாய் வளர்வனவும் மிகுவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன.

எனினும் மிகுதியாய்ச் சேர்ப்பது தகாது. தீவிரக் கூறுகள் சிற்றளவில் அணுவின் இயற்கைத் தொழில்களுக்கு வேண்டுவன. அவற்றை முற்றும் ஒழித்தலும் தீங்கே. மேலும், பனியால் உடைந்த அணுவை எம்மருந்தும் ஒட்டவையாது. ஆகவே செவ்வையாய் உறைவித்தல் முதற்கடமை. தடைப்பொருள் அதற்குத் துணையேயாம். உருகிய முட்டை உயிரோடு தோன்றுவதனால் மட்டும் மகிழ்தல் போதாது. அதனினின்று நலமுள்ள குட்டி பிறத்தலே இம்முயற்சியின் உண்மைச் சோதனையென மாணவர் கருதுக.