பெயர் ஒன்று, பொருள் எது?
பைத்தான் மொழி மாட்யூலைத் தேடும் முறை

கழக்கூட்டத்துக்குப் புதிதாக வரும் தமிழ் மாணவர், உணவகத்தில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்கப்பட்டால் ஒரு கணம் திகைப்பர். தமிழில் வெள்ளம் ஊரை அழிப்பது. மலையாளத்தில் அது தாகம் தணிப்பது. சொல் ஒன்றே. எந்த மொழியில் முதலில் பொருள் தேடுகிறோமோ, அம்மொழியின் பொருளே நமக்குக் கிட்டுகிறது. கணினி மொழியாகிய பைத்தானும் இவ்வாறே தேடுகிறது. அத்தேடலின் ஒழுங்கை அறியாதவர், தம் நிரல் தரும் விடையை உறுதியாக நம்ப இயலாது. அவ்வொழுங்கை ஈண்டுக் காண்போம்.

1991ஆம் ஆண்டில் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான், இன்று அறிவியல் மாணவரின் அன்றாடக் கருவி. பிறர் எழுதிய மாட்யூல் ஒன்று வேண்டுமாயின் 'இம்போர்ட்' என்று எழுதி அதன் பெயரைத் தருகிறோம். பெயரைத்தான் தருகிறோம், முகவரியைத் தருவதில்லை. ஆதலின் பைத்தான் தேட வேண்டியதாகிறது.

அப்பெயருடைய மாட்யூல் முன்பே ஏற்றப்பட்டிருந்தாலோ, மொழிக்குள்ளேயே அமைந்திருந்தாலோ தேடல் அங்கேயே முடியும். இல்லையேல் 'சிஸ்.பாத்' என்னும் பட்டியலை அது வரிசையாகப் பார்க்கும். வழக்கமான வரிசை இது:

1. இயக்கப்படும் நிரல் இருக்கும் கோப்புறை.
2. 'பைத்தான்பாத்' என்னும் சூழல் மாறியில் நாம் குறித்த இடங்கள்.
3. மொழியோடு வரும் நூலகம்.
4. 'பிப்' கொண்டு நிறுவியவை தங்கும் 'சைட்-பேக்கேஜஸ்'.

முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு பைத்தான் நின்றுவிடும். பின்னால் வேறொன்று உண்டா என்று பாராது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். யூனிகோடு குறிகளை அது எண்ணுகிறது. எழுத்து மூன்றே என்று காட்ட 'ஓப்பன்-தமிழ்' என்னும் நூலகம் உண்டு. அதை நிறுவிய பின், நிரலில் அழைக்கும் பெயர் 'தமிழ்' என்பதே. ஆர்வமுள்ள மாணவர் தம் நிரற்கோப்புக்கும் அதே பெயரை ஆங்கில எழுத்தில் சூட்டினால் என்னாகும்? முதற் கோப்புறையில் அவர் கோப்பே அகப்படும். நூலகத்தின் உட்பகுதியை அதனுள் தேடிக் காணாமல், பைத்தான் பிழை என்று கூறி நிற்கும். நூலகத்தைப் பத்து முறை மீண்டும் நிறுவினும் பயனில்லை. கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.

பிழை சொல்லி நிற்பது நன்மையே. சொல்லாமல் ஓடுவதே கொடிது. ஆய்வுக்கூடத்தில் பலர் பயன்படுத்தும் கணினியில், ஒரு கணக்கீட்டு நூலகத்தின் பழைய பதிப்பைப் 'பைத்தான்பாத்' சுட்டுகிறது என்க. நீங்கள் புதிய பதிப்பை நிறுவுகிறீர்கள். ஓடுவதோ பழையது! விடை வரும், வரைபடமும் வரும். எந்தப் பதிப்பின் விடை என்பதை மட்டும் ஒருவரும் அறியார்.

இதற்கு என்ன செய்வது?

ஐயம் எழுந்தால் கேளுங்கள். மாட்யூலின் 'ஃபைல்' என்னும் பண்பை அச்சிட்டால், அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பது தெரியும். 'சிஸ்.பாத்' பட்டியலையும் அச்சிட்டுப் பாருங்கள்.

நிரலுக்குள் உங்கள் கணினியின் கோப்புறை முகவரியைச் 'சிஸ்.பாத்'தில் சேர்ப்பதைத் தவிருங்கள். உங்களிடம் ஓடும் நிரல் நண்பரிடம் ஓடாது. மாறாக, 2012இல் 3.3 பதிப்போடு வந்த 'வென்வ்' கொண்டு ஒவ்வோர் ஆய்வுக்கும் தனிச் சூழல் அமையுங்கள். நூலகங்களின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு கோப்பில் எழுதி நிரலோடு வையுங்கள். ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும்: தனிச் சூழலிலும் நிரலின் கோப்புறையே முதலிடம் பெறும், 'பைத்தான்பாத்'தும் செல்லும். ஆகவே கோப்புக்குப் பெயரிடுவதில் கவனம் என்றும் வேண்டும்.

இச்சிக்கல் பைத்தானுக்கு மட்டும் உரியதன்று. பெர்ல் மொழி, நடப்புக் கோப்புறையில் தானே தேடும் வழக்கத்தை 2017இல் கைவிட்டது. அங்கே யாரோ வைத்த கோப்பு ஓடிவிடக் கூடும் என்பதே காரணம். பைத்தானும் 2022இல், 3.11 பதிப்பில், முதற் கோப்புறையைத் தவிர்க்க ஒரு விருப்பத் தேர்வு தந்தது.

தோழர்களே! பிறர் மீண்டும் செய்து சரிபார்க்கக் கூடியதே அறிவியல். நம் நிரல் எதை, எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல இயலாவிடில், நம் விடையைச் சரிபார்க்க எவரால் இயலும்? அடுத்த ஆய்வேட்டில் எண்களை எழுதும் முன், அவற்றைத் தந்த மாட்யூலின் முகவரியையும் ஒருமுறை கேட்டு எழுதுவோம்.