பறக்கும் புள்ளைப் படம்பிடித்தல்

1882-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரே என்பார், துப்பாக்கி வடிவினதாகிய கருவியொன்றால் பறவைகள் பறத்தலை வினாடிக்கு 12 படங்களாகப் பதிவு செய்தார். அவர் நாடியது அழகன்று; சிறகியக்கத்தின் உண்மையே.

கருமத்தம்பட்டியினின்று செல்வார்க்குத் திருப்பூரையடுத்த நஞ்சராயன் குளம் நற்பயிற்சிக் களமாகும். 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் அஃது இடம்பெற்றது. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும். ஆதலின் காலை வெயிலும் காற்றும் முதுகிற்பட நிற்க. வினாடியில் 2000-இல் ஒரு பங்கே ஒளி புகவிட்டு, பறவையோடு காமிராவையும் உடன்திருப்புக. பறக்கச்செய்யக் கல்லெறிதல் கொடுமையாம்.

படத்தைத் திருத்துங்கால் ஓரத்தை வெட்டலாம், ஒளியைக் கூட்டலாம், பறவைக்கு முன்னே வெளி விடுதல் நன்று. ஆயின் இல்லாப் புள்ளை ஒட்டுதலும் உள்ளதை அழித்தலும் கூடா. இன்ன நாளில் இன்ன புள் இக்குளத்திற்கு வந்ததென்பதற்குப் படமே சான்று. பொய்ச்சான்று குளத்தைக் காவாது.