எந்த யோகா வகுப்பு உங்களிடம் குறைவாகக் கேட்கிறது?

யோகா வகுப்போ ஜிம்மோ தேடும்போது பெரும்பாலோர் பார்ப்பது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மாதம் எவ்வளவு, மாஸ்டர் எப்படி என்பதைத்தான். முதல் நாள் நம் கையில் தரப்படும் ஃபார்மை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பெயர், கைபேசி எண், பிறந்த தேதி, முகவரி, ஆதார் நகல், எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை, பெண்கள் என்றால் மாதவிடாயும் கர்ப்பமும். டாக்டரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதையெல்லாம் ரிசப்ஷன் மேஜையில் நின்றபடியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். டாக்டருக்கு நோயாளியின் ரகசியம் காக்க வேண்டிய தொழில்நெறி உண்டு. மீறினால் மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். ரிசப்ஷனில் இருப்பவரைக் கேள்வி கேட்க அப்படி எந்தக் கவுன்சிலும் இல்லை.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் நமக்கு முன்னால் இருப்பவை ஏறத்தாழ நான்கு வகை: மொட்டைமாடியில் வகுப்பு எடுக்கும் தனி ஆசிரியர், ஒரே இடத்தில் நடக்கும் தனி ஸ்டுடியோ, ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஜிம், பல இடங்களுக்கும் ஒரே பாஸ் தரும் ஆப். நம் விவரம் வெளியே போகும் வழி நான்கிலும் வேறு வேறு.

தனி ஆசிரியரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு நோட்டு. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நோட்டைத் தொடாது. காகிதத்தில் இருப்பது கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ ஏறினால்தான் அந்தச் சட்டம் வரும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நோட்டை எந்த ஊரிலிருந்தும் ஹேக் செய்ய முடியாது. இங்கே ஆபத்து வாய்வழி ஆபத்து. பக்கத்துத் தெருப் பெண்ணுக்குத் தைராய்டு என்று வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் பேச்சு கிளம்பிவிடும். வெளியே சொல்ல விரும்பாத ஒன்றை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் மதிப்பார்கள்.

இந்த எளிய வகுப்பிலும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: வாட்ஸ்அப் குரூப். சேர்ந்த அன்றே நம்மைக் கேட்காமல் குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் இருக்கும் எல்லோருக்கும் நம் எண் தெரியும், பெரும்பாலும் முகமும் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து 'ஹாய் மேம்' என்று செய்தி வருவது பல பெண்களுக்கு இந்த வழியாகத்தான். இதற்குத் தீர்வு காசில்லாமலே இருக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது; வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியிலும் மற்ற உறுப்பினர்களின் எண் மறைந்தே இருக்கும். இப்படிச் செய்யக் கேட்டபோது ஆசிரியர் சலித்துக்கொள்கிறாரா, சரி என்கிறாரா என்பதிலேயே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

தனி ஸ்டுடியோவில் விவரம் ஒரே இடத்தில் தங்காது. கூகுள் ஃபார்மில் நிரப்பினால் அது ஒரு ஷீட்டில் போய் உட்காரும். லிங்க் இருக்கும் எவரும் திறக்கலாம் என்று அந்த ஷீட்டை விட்டுவைத்திருந்தால் கதை முடிந்தது. டிரெய்னர் தன் சொந்த போனிலேயே எல்லோர் எண்ணையும் வைத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போட்டி ஜிம்முக்குப் போனால் எண்களும் கூடவே போகும். புது ஜிம்மின் ஆடித் தள்ளுபடிச் செய்தி உங்களுக்கு எப்படி வந்தது என்று யோசித்திருந்தால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்தது போட்டோ. எடை குறைவதற்கு முன், பின் என்று இன்ஸ்டாகிராமில் போடும் படங்களுக்கான ஒப்புதலை ஃபார்மின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருப்பார்கள். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கையெழுத்திடுங்கள். அடித்ததற்காகச் சேர்க்க மறுக்கும் ஸ்டுடியோ உங்களை வாடிக்கையாளராகப் பார்க்கவில்லை, விளம்பரப் பலகையாகப் பார்க்கிறது.

கிளைகள் உள்ள ஜிம்மில் நிலைமை தலைகீழ். அங்கே வம்பு பேச ஆளில்லை. ஆனால் நம் விவரம் சாஃப்ட்வேர் நிறுவனம், பணம் வசூலிக்கும் நிறுவனம், விளம்பர நிறுவனம் என்று நீண்ட தூரம் போகும். அமெரிக்காவில் ஜிம்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் சாஃப்ட்வேர் தந்த ஃபிட்மெட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது 2018 அக்டோபரில் வெளிவந்தது. பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. அந்த ஜிம்களில் உடற்பயிற்சி செய்தவர்களில் பலர் ஃபிட்மெட்ரிக்ஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய ஜிம்மில் கவனிக்க வேண்டியவை கைரேகையும் ஆதாரும். வருகைப் பதிவுக்குக் கைரேகை தேவையே இல்லை. அட்டையோ க்யூஆர் கோடோ போதும். கைரேகை, உடல்நல விவரம், மருத்துவப் பதிவு ஆகியவற்றை 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளே நுண்ணுணர்வுத் தகவல் என்று வகைப்படுத்தி, எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கின்றன. ஆதாரைக் கட்டாயப்படுத்தத் தனியார் நிறுவனத்துக்கு வழியில்லை என்பது 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் பலன். அடையாளம் வேண்டும் என்றால் வேறு அட்டை காட்டலாம். ஆதார்தான் என்று அடம்பிடித்தால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். பணம் கட்டுவதில் மட்டும் ஓரளவு நிம்மதி. 2022 அக்டோபர் முதல் கடைக்காரர்கள் கார்டு எண்ணைத் தம்மிடம் வைத்திருக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. யூபிஐ ஆட்டோபேயை உங்கள் ஆப்பிலிருந்தே நிறுத்திவிடலாம், மேனேஜரைக் கெஞ்ச வேண்டாம். விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 என்ற எண் இருக்கிறது.

ஒரே பாஸ் தரும் ஆப் எனக்கு நான்காம் இடம்தான். வகுப்பு எடுப்பவருக்குத் தேவையில்லாத இருப்பிடம், தொடர்பு எண்கள், நடைக் கணக்கு எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். ஆப்பில் தரும் விவரம் எங்கே போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் மின்னஞ்சலையும் உடல்நலக் கேள்வித்தாள் விவரத்தையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குத் தந்தது என்று 2023-இல் அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. ரகசியமாக வைத்திருப்போம் என்று அந்த நிறுவனம் உறுதி கொடுத்திருந்தது. பிரைவசி பாலிசி எத்தனை பக்கம் என்பதை வைத்து ஆப்பை எடைபோடாதீர்கள். என்னென்ன அனுமதி கேட்கிறது என்பதைப் பாருங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு ஃபார்மில் எதையுமே எழுத மாட்டேன் என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. கிளாக்கோமா உள்ளவர் சிரசாசனம் செய்தால் கண்ணழுத்தம் ஏறும். கர்ப்பிணிகளுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் முதுகில் டிஸ்க் விலகியவர்களுக்கும் சில ஆசனங்கள் ஆகவே ஆகாது. இவற்றைக் கேட்காமல் முதல் நாளே தலைகீழாக நிறுத்தும் ஆசிரியரிடமிருந்து ஓடிவிடுங்கள், அவர் உங்கள் எண்ணை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும். உடல்நலக் கேள்வி அவசியம். பதில் யாரிடம் போகிறது என்பதுதான் விஷயம். "முன்னே குனியக்கூடாது, மூச்சடக்கக்கூடாது" என்று செய்யக்கூடாததைச் சொன்னாலே பல நேரம் போதும், நோயின் பெயரும் ரிப்போர்ட் நகலும் தேவைப்படாது. திருமண நாள், கணவர் வேலை, முழு முகவரி ஆகிய கட்டங்களைக் காலியாக விடுங்கள். அவசரத் தொடர்பு எண் மட்டும் அவசியம் கொடுங்கள். தீவிர நோய் உள்ளவர்கள் இந்த நான்கு வகை இடங்களையும் விட்டுவிட்டு, சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி போன்ற மருத்துவர் பார்க்கும் இடத்துக்குப் போவதே நல்லது.

யோகா, ஜிம்மோடு ஸ்பாவுக்கும் போகிறவர்களுக்குக் கேமராவும் ஒரு கேள்வி. ஸ்பாக்களில் சிசிடிவி வைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 டிசம்பரில் ஓர் உத்தரவு வந்தது. அடுத்த மாதமே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறும் என்றார். வாசலிலும் கல்லாவிலும் கேமரா இருக்கட்டும். சிகிச்சை அறையிலும் உடைமாற்றும் இடத்திலும் இருந்தால் அன்றே வெளியேறுங்கள்.

முன்பு சொன்ன 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதன் பிறகு ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் கேட்கலாம். ஒப்புதல் தந்தது எவ்வளவு எளிதோ அதே எளிமையுடன் திரும்பப் பெறலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை யோகாவில் சேர்த்தால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்க வேண்டியது வகுப்பு நடத்துபவர்களின் பொறுப்பு.

என் வரிசை இது. கைரேகை கேட்காத, போட்டோ வரியை அடிக்க விடுகிற தனி ஸ்டுடியோ முதலில். வாட்ஸ்அப் குரூப்பை மாற்றச் சம்மதிக்கும் மொட்டைமாடி ஆசிரியர் அடுத்து. நுழைய அட்டை தந்தால் மட்டும் பெரிய ஜிம். ஆப் கடைசியில். டிரையல் கிளாஸுக்குப் போகும்போது நிரப்பாத ஃபார்ம் ஒன்றை வாங்கிவந்து வீட்டில் வைத்துப் படியுங்கள். தர முடியாது என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.