எண்ணெயும் இதயமும்

நுழையும்முன்

தாளிப்பின் மணம் எழாத தமிழர் சமையலறை அரிது. கடுகு வெடிப்பதற்குமுன் வாணலியில் ஊற்றப்படும் எண்ணெய், உணவுக்குச் சுவையையும் உடலுக்கு ஆற்றலையும் தருகிறது. அதே எண்ணெய் இதயத்திற்குத் துணையாவதும் பகையாவதும் அதன் வகை, அளவு, பயன்படுத்தும் முறை ஆகியவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

சொல்லில் உறையும் வரலாறு

எள்ளிலிருந்து பெறப்பட்ட நெய், எண்ணெய் (எள் + நெய்) எனப்பட்டது. காலப்போக்கில் அச்சொல் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. எள்ளின் நெய்யோ 'நல்லெண்ணெய்' எனச் சிறப்புப் பெயர் பெற்றது. எள், நிலக்கடலை, தேங்காய் ஆகியவற்றைச் செக்கிலிட்டு ஆட்டி எண்ணெய் எடுக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக நிலவி வருகிறது.

கொழுப்பின் இயல்பு

எண்ணெய்கள் அனைத்தும் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. கார்பன் அணுக்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே இருப்பின் அது நிறைவுற்ற கொழுப்பு. இரட்டைப் பிணைப்பு இருப்பின் நிறைவுறாக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும் பாமாயிலில் ஏறத்தாழ 50 விழுக்காடும் நிறைவுற்ற கொழுப்பாகும். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி.

நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்டால், குருதியில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்டிரால் உயரும். அது இதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளின் சுவரில் சிறிது சிறிதாகப் படிந்து பாதையைக் குறுக்கும். பாதை அடைபட்டால் மாரடைப்பு நேரும். நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால் எல்.டி.எல். அளவு குறையும்.

நெய்க்கு மாற்றாக வந்த கேடு

1902ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன், நிக்கலை வினையூக்கியாகக்கொண்டு நீர்ம எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எளிதில் கெடாததும் விலை மலிவானதுமான இக்கொழுப்பு உலகெங்கும் பரவியது. இந்தியாவில் அது 'வனஸ்பதி' என்னும் பெயரில் நெய்க்கு மாற்றாக அடுமனைகளிலும் இனிப்பகங்களிலும் இடம்பிடித்தது. ஆனால், ஹைட்ரஜனேற்றம் முழுமையடையாதபோது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது என்பதன் விளைவை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக அறிவியலாளர் பிரெட் கம்மரோவ், மனிதத் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு இருப்பதை 1957ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தினார். அவருடைய எச்சரிக்கை நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை. 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை உயர்த்துவதோடு எச்.டி.எல். எனப்படும் நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது என நிறுவினர். 2009இல், தமது 94ஆம் வயதில், கம்மரோவ் இக்கொழுப்பைத் தடைசெய்யுமாறு அமெரிக்க அரசிடம் மனு அளித்தார். பின்னர் நீதிமன்றத்தையும் நாடினார். 2015இல் தடைக்கான முடிவு அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 100. உண்மையைக் கண்டறிவதைக் காட்டிலும் அதை உலகம் ஏற்கச் செய்வது கடினம் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாகும்.

டென்மார்க் 2003ஆம் ஆண்டிலேயே சட்டவரம்பு விதித்து வழிகாட்டியது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பின் உச்ச அளவு 2021இல் 3 விழுக்காடாகவும் 2022இல் 2 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது சிதைந்து தீங்கு தரும் சேர்மங்கள் உருவாகும். அவற்றுள் துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நிறம் கறுத்தல், பிசுபிசுப்பு, நுரைத்தல், விரைவில் புகைதல் ஆகியன எண்ணெய் கெட்டதன் அடையாளங்கள்.

அளவே மருந்து

செக்கில் ஆட்டியதாயினும் ஆலையில் தூய்மை செய்ததாயினும் ஒரு கிராம் எண்ணெய் தரும் ஆற்றல் 9 கிலோகலோரியே. 'நல்ல எண்ணெய்' என்னும் எண்ணத்தால் அளவின்றி ஊற்றினால் உடல் எடை கூடும். அதுவும் இதயத்திற்குச் சுமையே. நிறைவுற்ற கொழுப்பு நாள்தோறும் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டையும் டிரான்ஸ் கொழுப்பு 1 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

தமனிச் சுவரில் கொழுப்பு படிவது இளமையிலேயே தொடங்கிவிடும். நோயோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். ஆதலின், எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுவதும், பொரித்த எண்ணெயை மீண்டும் அடுப்பிலேற்றாதிருப்பதும், தின்பண்ட உறையில் அச்சிடப்பட்ட கொழுப்பின் அளவைப் படித்தபின் வாங்குவதும் பள்ளிப் பருவத்திலேயே பழக வேண்டியவை. நாவின் சுவை நொடியில் மறையும்; இதயமோ வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டிய உறுப்பு.