உச்ச அளவு கேட்ட தம்பிக்கு



கடிதம் கிடைத்தது. .44 மேக்னம் ரிவால்வர் வாங்கிவிட்டாய், தோட்டா நிரப்பும் பிரஸ், டை, தராசு எல்லாம் வந்து இறங்கிவிட்டன என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கூடவே இரண்டு கேள்வி கேட்டிருந்தாய்: "அண்ணே, நீங்கள் எத்தனை கிரெய்ன் வெடிமருந்து போடுகிறீர்கள்? புத்தகத்தில் இருக்கிற உச்ச அளவுக்கு மேல் எவ்வளவு போகலாம்?" முதல் கேள்விக்கு எண் சொல்லப் போவதில்லை. இரண்டாவதற்குப் பதில், போகக் கூடாது. காரணம் சொல்லாமல் மறுத்தால் உனக்கு மனம் ஒப்பாது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

என் அளவை மறைத்து வைப்பதில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை. ஆனால் அது என் துப்பாக்கிக்கு, என் டப்பாவில் இருக்கும் மருந்துக்கு, நான் போடும் குண்டுக்கு, அந்தக் குண்டு தோட்டாக் கூட்டுக்குள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஒத்துவந்த அளவு. இதில் ஒன்று மாறினாலும் உள்ளே எழும் அழுத்தம் மாறும். குண்டைச் சற்று ஆழமாக இறக்கினாலே மருந்து எரிய இருக்கும் இடம் குறைந்து அழுத்தம் ஏறிவிடும். லைமன், ஹார்னடி, ஸ்பியர், ஹாட்ஜ்டன் போன்ற நிறுவனங்கள் சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்த்துத்தான் கையேடு போடுகின்றன. உனக்கும் எனக்கும் அந்த வசதி கிடையாது. கையேட்டில் உன் குண்டுக்கும் உன் மருந்துக்கும் போட்டிருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறுகச் சிறுக ஏறு. நண்பன் சொன்னது, கடைக்காரர் சொன்னது, அண்ணன் சொன்னது எதுவும் உன் மேசைக்கு வரக் கூடாது.

நமக்கு இது பரம்பரைத் தொழில் இல்லை என்பதையும் நினைவில் வை. இங்கே ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் தாத்தாவின் பிரஸ்ஸில் பேரன் தோட்டா நிரப்புகிறான். நம் ஊரிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் நின்று கையைத் தட்டிவிட ஆளில்லாத நமக்குக் கையேடுதான் வாத்தியார்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. கிரீன் கார்டு வந்த பிறகே வாங்கினாய் என்பதில் நிம்மதி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருக்கவும் மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. உன் அலுவலகத்துப் பையன்கள் ஆசைப்பட்டால் முதலில் இதைச் சொல். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாக்கினால் தேவை. நீ விற்கவும் வேண்டாம், சும்மா கொடுக்கவும் வேண்டாம். உன் தோட்டா உன் துப்பாக்கிக்கு மட்டும்.

இனி உச்ச அளவுக்கு வருவோம். இந்தத் தோட்டா பிறந்த கதை தெரிந்தால் உன் ஆசை பாதி அடங்கும். எல்மர் கீத் என்று ஐடஹோ மாநிலத்தில் ஒரு பண்ணைக்காரர் இருந்தார். துப்பாக்கிகளைப் பற்றி நிறைய எழுதியவர். 1899-இல் பிறந்து 1984-இல் மறைந்தார். ஆரம்பத்தில் .45 கோல்ட் ரிவால்வரில் அளவுக்கு மீறி நிரப்பிச் சுட்டவர்தான். ஒரு நாள் சிலிண்டர் வெடித்தது. அதன் பிறகு .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினார். குண்டு சிறிது மெலிந்தது என்பதால் சிலிண்டரின் அறையைச் சுற்றி எஃகுச் சுவர் சற்றுத் தடிமனாகக் கிடைத்தது; அதுதான் அவர் பார்த்த அனுகூலம். பல ஆண்டுகள் அதில் சோதனை செய்துவிட்டு, இதையே முறையான தோட்டாவாகச் செய்து கொடுங்கள் என்று கம்பெனிகளை வற்புறுத்தினார். அவர் கேட்டது 250 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 1,200 அடி வேகம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து 1956-இல் .44 மேக்னத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அது அவர் கேட்டதைவிட வேகமாக இருந்தது. .44 ஸ்பெஷலைவிடக் கூட்டை 1/8 அங்குலம் நீட்டி, பழைய துப்பாக்கிகளில் நுழையாதபடி செய்தார்கள். 1971-இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் .44 மேக்னம் ரிவால்வரைத் தூக்கிக் காட்டிய பிறகு ஊர் முழுக்க அதற்கு ஆசைப்பட்டது.

யோசித்துப் பார். இந்தத் தோட்டாவுக்குத் தகப்பன் என்று சொல்லத்தக்க மனிதர் கேட்டதைவிடக் கூடுதலாகவே கம்பெனி கொடுத்துவிட்டது. அதற்கும் மேல் போக நமக்கு என்ன அவசரம்? .44 மேக்னத்துக்கு விதித்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. .44 ஸ்பெஷலுக்கு 15,500; .454 கசூல் என்ற தோட்டாவுக்கு 65,000. கசூல் வேகம் வேண்டுமென்றால் கசூலுக்கென்று செய்த துப்பாக்கியை வாங்கு. கடைசியாகச் சேர்க்கும் மருந்தில் வேகம் கொஞ்சமாகத்தான் கூடும், அழுத்தமோ விறுவிறுவென்று ஏறும். சுட்ட கூடுகள் அறையிலிருந்து எளிதில் வழுக்கி வராமல், கூடுகளை வெளியே தள்ளும் கம்பியைத் தட்ட வேண்டியிருக்கிறதா? அழுத்தம் எல்லையைத் தாண்டியிருக்கலாம் என்று அர்த்தம். கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர் தட்டையாகவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. அந்த அடையாளத்தை நம்பி அளவெடுக்க முடியாது.

அப்படியானால் குறைத்துப் போட்டால் பத்திரம்தானே என்று கேட்பாய். அதுவும் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. எச்110, வின்செஸ்டர் 296 என்று மெதுவாக எரியும் மருந்துகள் மேக்னத்துக்குப் பேர்போனவை. இரண்டும் ஒரே சரக்கு, பெயர்தான் வேறு. அவற்றை அச்சிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று ஹாட்ஜ்டன் எச்சரிக்கிறது. குறைத்தால் சீராகப் பற்றாது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கலாம். மிதமான தோட்டா வேண்டுமென்றால் அதற்குத் தோதான மருந்தைக் கையேட்டிலேயே காட்டியிருப்பார்கள். யுனிக் அப்படி ஒன்று. ஆனால் அங்கே வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. யுனிக்கின் அளவு மேக்னம் கூட்டில் பாதிகூட நிரம்பாது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை போட்டுவிட்டாலும் வழியாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விசையை அழுத்தும்போதுதான் தெரியும்.

அதனால் என் மேசையில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் மேசைமேல். மற்றவை அலமாரியில், பூட்டி. மருந்து அதன் சொந்த டப்பாவை விட்டு வேறெதிலும் இறங்காது, பிரைமரும் அப்படியே. பிரைமரைக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைப்பவனோடு சேராதே. ஒன்று வெடித்தால் ஜாடியே வெடிக்கும். பிரைமர் அடித்த 50 கூடுகளை மரக்கட்டையில் வாய் கீழாகக் கவிழ்த்து வைக்கிறேன். ஒன்றை எடுத்து வாய் மேலாகத் திருப்பி, மருந்து போட்டு, மற்றொரு கட்டையில் நிறுத்துகிறேன். கவிழ்ந்திருப்பது காலி, நிமிர்ந்திருப்பது நிரம்பியது. இடையில் போன் அடித்தாலும் குழப்பம் வராது. 50-ம் முடிந்ததும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்கிறேன். மருந்தின் மட்டம் எல்லாக் கூட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மேடாகவோ பள்ளமாகவோ தெரிந்தால், அதைக் கொட்டித் தராசில் நிறுத்து மறுபடி போடுகிறேன். இந்தப் பார்வை முடியாமல் ஒரு குண்டும் கூட்டில் உட்காராது. நம் வீடுகளில் கண்திட்டமும் கைப்பக்குவமும் சமையலுக்குப் பெருமை. இந்த மேசையில் அவற்றுக்கு இடமில்லை.

குண்டை உட்காரவைத்த பிறகு கிரிம்ப், அதாவது கூட்டின் வாயை மடிப்பது. புதியவர்கள் அசட்டையாக விடுவது இதைத்தான். ரிவால்வர் உதைக்கும்போது சுடப்படாமல் மற்ற அறைகளில் இருக்கும் தோட்டாக்களும் சேர்ந்து பின்னால் இழுபடுகின்றன. கூடு துப்பாக்கியோடு பின்னுக்குப் போகிறது. கனமான குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பிடி தளர்வாக இருந்தால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து, கடைசியில் சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டும். அப்புறம் சிலிண்டர் சுற்றாது. காட்டில், தேவையான நேரத்தில், துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். கூட்டின் வாய் குண்டின் வரிப்பள்ளத்துக்குள் மடிந்து உட்கார வேண்டும். குண்டை இறக்குவதையும் வாயை மடிப்பதையும் தனித்தனி வேலையாகச் செய். கூடுகளின் நீளம் ஒன்றாக இருந்தால்தான் மடிப்பும் ஒன்றாக வரும். சோதனை எளிது: ஆறு தோட்டாவின் நீளத்தையும் வெர்னியரில் அளந்து குறித்துக்கொள். ஐந்தைச் சுடு, ஆறாவதை எடுத்து மறுபடி அள. நீளம் கூடியிருந்தால் கிரிம்ப் போதவில்லை, அல்லது கூடு குண்டைப் பிடிக்கவில்லை.

ஈயக் குண்டு போடப் போகிறாய் என்றால் சிலிண்டரைக் கழற்றி, ஒவ்வொரு அறையின் முன்வாயிலும் ஒரு குண்டை வைத்துப் பார். விரலால் லேசாக அழுத்தினால் போக வேண்டும். தானாக விழுந்தால் குண்டு மெலிந்தது. அதன் ஓரமாகச் சூடான வாயு பாய்ந்து குழலெல்லாம் ஈயம் அப்பும், குறியும் கெடும். .429, .430, .431 அங்குலம் என்று குண்டு விற்பது இதற்காகத்தான். குறி தவறினால் மருந்தைக் கூட்டிப் பார்க்கும் முன் இதைப் பார்.

ஈயம் உடம்புக்கும் ஆகாது. பிரைமர் எரிந்த புகையிலும், பழைய கூடுகளைச் சுத்தம் செய்யும் தூசியிலும் அது இருக்கிறது. மேசையில் காபி, முறுக்கு வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவு. குழந்தை நடமாடும் அறையில் இந்த வேலை வேண்டாம். கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயமே கூடாது என்று 2019 ஜூலை முதல் முழுத் தடை இருக்கிறது. ஈயத் துணுக்குத் தங்கிய இறைச்சியைத் தின்று காண்டர் கழுகுகள் செத்தது முக்கியக் காரணம். அங்கே போனால் செம்புக் குண்டு வாங்கிக்கொள். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்கு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும். ஈயக் குண்டின் அளவை அதற்குப் பொருத்தாதே, அதற்கென்று அச்சிட்ட அளவைப் பார்.

சுடும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. சத்தம் குறைவாக, உதைப்பு இல்லாமல் 'புஸ்' என்று போனால் அங்கேயே நிறுத்து. இறக்கிவைத்து, காலி செய்து, குழலுக்குள் பார். குண்டு அங்கே சிக்கியிருந்தால், அதன் பின்னால் போகும் அடுத்த குண்டு குழலைப் பிளக்கும்.

இவ்வளவும் எதற்கு? மான் வேட்டைக்குத்தானே வாங்கினாய். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சாப்பாட்டுக் காகிதத் தட்டு அளவு. அதில் குண்டு விழுந்தால், மிதமான வேகத்தில் போகும் 240 கிரெய்ன் குண்டே அதற்குத் தாராளம். விழாவிட்டால் எந்த மேக்னமும் உதவாது. காயம்பட்ட மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். உச்ச அளவுத் தோட்டாவையே சுட்டுப் பழகுகிறவனுக்கு வெடிக்கும் முன்பே கை குலுங்க ஆரம்பித்துவிடும். நண்பனிடம் துப்பாக்கியைக் கொடுத்து, உனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே சுட்ட கூடு ஒன்றிரண்டைச் செருகித் தரச் சொல். காலிக் கூட்டின்மேல் சுத்தி விழும்போது முன்குறி கீழே குனிந்தால், பிரச்சினை மருந்தில் இல்லை, உன் மணிக்கட்டில்.

இந்தக் குளிர்காலத்துக்கு உன் வேலை இதுதான். கையேட்டில் .44 ஸ்பெஷல் வேகத்தை ஒட்டிய மிதமான அளவு ஒன்றைத் தேர்ந்தெடு. ஒரே குண்டு, ஒரே மருந்து. தேதி, கூடு, பிரைமர், மருந்து டப்பாவின் லாட் எண், அளவு, நீளம் எல்லாம் நோட்டில் ஏறட்டும். ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் அதே விவரத்தோடு சீட்டு ஒட்டு. சீசனுக்கு ஒரு மாதம் முன் காகிதத் தட்டை 50 கஜத்தில் வைத்து, மண்டியிட்டோ மரத்தில் சாய்ந்தோ ஆறு சுடு. ஆறும் தட்டில் விழுந்தால் நோட்டையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வா. மேக்னம் அளவை எங்கே தொடங்கலாம் என்று உன் கையேட்டைப் பிரித்துவைத்து இருவரும் பார்ப்போம். ஐந்துதான் விழுந்தது என்றால் இந்த சீசனில் அனுமதிச் சீட்டு வாங்காதே. இன்னும் 50 தோட்டா நிரப்பு.

அன்புடன்,
அண்ணன்