சென்னை–லண்டன் எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிடலாம்

சென்னையில் காலை 5.30-க்குப் புறப்பாடு, லண்டனில் காலை 11.30-க்கு வருகை என்று டிக்கெட்டில் இருந்தால், ஆறு மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடும் பெரியவர்கள் உண்டு. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இப்படித் தப்புக்கணக்குப் போட்டால் ஆபத்து. உண்மையான நேரத்தைக் கண்டுபிடிக்க, கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரே போதும்.

முதலில் தூரம். சென்னை விமான நிலையம் இருப்பது வடக்கே 12.99 பாகை, கிழக்கே 80.17 பாகையில். லண்டன் ஹீத்ரோ வடக்கே 51.47, மேற்கே 0.46. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 80.63. கால்குலேட்டரை ரேடியனிலிருந்து பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். பிறகு:

(சைன் 12.99 × சைன் 51.47) + (கொசைன் 12.99 × கொசைன் 51.47 × கொசைன் 80.63)

விடை சுமார் 0.2747. இதற்கு நேர்மாறு கொசைன் எடுத்தால் ஏறத்தாழ 74.06 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 8,235 கி.மீ.

அடுத்தது பறக்கும் நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். கணக்குக்கு 850 என்று வைத்து வகுத்து, ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேருங்கள். பத்து மணி பத்து நிமிடம் வருகிறது.

ஆனால் நாம் கணக்கிட்டது இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய கோட்டின் தூரம்; விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. பள்ளிக்கூட உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பாகிஸ்தான், ஈரான், அஜர்பைஜான், உக்ரைன் எனப் போகும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தானும் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. சுற்றிப் போனால் தூரமும் நேரமும் கூடும். காற்றும் உண்டு: அந்த உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும். அதனால் லண்டன் போக அதிக நேரம், திரும்பி வரக் குறைவு. போகும்போது முக்கால் மணியாவது கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கோடைநேரம் என்பதால் நாலரை மணிதான். வருகை நேரத்தோடு இந்த வித்தியாசத்தைக் கூட்டி, அதிலிருந்து புறப்பாட்டு நேரத்தைக் கழியுங்கள். மேலே சொன்ன டிக்கெட் கோடையில் என்றால் 11.30-உடன் நாலரை சேர்த்து மாலை 4 மணி; ஆக, பயணம் பத்தரை மணி நேரம். அதே நேரங்கள் டிசம்பரில் இருந்தால் பதினொன்றரை.

புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கியபின் குடிவரவு வரிசையும் உண்டு. வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை பதினாறு மணி நேரத்துக்குக் குறையாது. மருந்து வேளைகளை எப்படி மாற்றுவது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.